கருந்துளை நடுவில் ஒருமைப்புள்ளி நிஜமாவே இருக்கா?

மேலூர்க்காரன்: கருந்துளை நடுவில் ஒரே புள்ளியில், அதாவது ஒருமைப்புள்ளியில், அடர்த்தி முடிவிலின்னு சொல்றாங்களே, நிரூபணமானதா?

வைகைக்கரை: இல்லைங்க. இயற்பியலாளர் பென்ரோஸ் 1965-ல் தன் தேற்றத்தில் காட்டியது வேறு: உள்ளே ஏதாவதொரு ஒளிப்பாதை பாதியிலேயே முடிஞ்சுபோகும். அடர்த்தி பற்றி அந்தத் தேற்றம் பேசவே இல்லை. சுழலும் கருந்துளைக்கு ஐன்ஸ்டைன் சமன்பாடுகள் தரும் கெர் தீர்வில் புள்ளிகூட கிடையாது, வளையம்தான். உண்மையில் என்னன்னு சொல்ல, ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் இணைக்கிற குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு வேணும். அது இன்னும் முழுமையாகலை.

திருமங்கலம்: அளவையும் பாருங்க. நிகழ்வு எல்லைன்னா, தாண்டினா ஒளிகூட திரும்ப முடியாத எல்லை. அதன் ஆரம் சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு 3 கி.மீ.; மீனாட்சியம்மன் கோயிலை மையமா வச்சா கோரிப்பாளையமும் உள்ளே வந்துடும். பூமியின் நிறைக்கு 9 மி.மீ., கோலிக்குண்டு மாதிரி. நம்ம விண்மீன் மண்டலமான பால்வெளியின் நடுவில் இருக்கிற கருந்துளை சுமார் 43 லட்சம் சூரிய நிறை. சுழற்சியை விட்டுக் கணக்கிட்டா, அதன் எல்லையைத் தாண்டினவருக்கு நடுவைப் போய்ச் சேரும்வரை அதிகபட்சம் 66 விநாடிதான்.

மேலூர்க்காரன்: அந்தப் பால்வெளிக் கருந்துளை வானத்தில் எந்தப் பக்கம்?

வைகைக்கரை: ஆடி தொடக்கத்தில் இரவு 10 மணிக்கு நேர் தெற்கே, மதுரையில் 51 டிகிரி உயரத்தில். இடையிலுள்ள தூசி கண்ணுக்கு மறைச்சிடும். ரேடியோ அலை ஊடுருவி வரும்.