தீவிரமயநீக்க ஒழுங்குவிதிகளும் பிரித்தானியாவின் ‘பிரிவென்ட்’ திட்டமும்: முஸ்லிம்கள் அஞ்சுவது எதற்கு?

தெமட்டகொடை வாசகி:
ஒருவரை வன்முறைத் தீவிரவாதக் கருத்திலிருந்து மீட்பதற்கென இலங்கையில் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியான தீவிரமயநீக்க ஒழுங்குவிதிகளையும், பிரித்தானியாவின் பயங்கரவாதத் தடுப்புத் திட்டமான ‘பிரிவென்ட்’டையும் ஒப்பிட்டுக் கட்டுரையொன்று எழுதி வருகிறேன். குற்றம் நிகழுமுன் தலையிடுவதே நோக்கம் என்று இரண்டு அரசுகளும் சொல்கின்றன. அப்படியிருக்க, இரண்டு நாடுகளிலும் முஸ்லிம்கள் தாங்களே குறிவைக்கப்படுவதாக உணர்வது ஏன்?

புதுக்கடைச் சட்டத்தரணி:
சகோதரி, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் மக்கள் பயங்கரவாதத்தில் ஈர்க்கப்படாமல் தடுக்கும் கடமையைப் பாடசாலைகள், மருத்துவமனைகள் போன்றவற்றின் மீது சுமத்துகிறது. சந்தேகத்துக்குரியவரை அவை பிரிவென்ட்டுக்குப் பரிந்துரைத்தாலும், பின்னர் வரும் உதவியை ஏற்பது அவரது விருப்பம். நமது ஒழுங்குவிதிகளோ பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வந்தவை. கைதானவரைக் குற்றவாளியெனத் தீர்க்காமலே, சட்டமா அதிபரின் இணக்கத்துடன், நீதவான் ஓராண்டுப் புனர்வாழ்வுக்கு அனுப்பலாம். அதை இரண்டாண்டு வரை நீடிக்கவும் இடமிருந்தது. வழக்கை நிரூபிக்கச் சான்று போதாத அரசுக்கு இதைவிட வசதியான வழி ஏது? 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அவற்றை இடைநிறுத்தியது. 2023இல் அவை அடிப்படை உரிமைகளை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் வழக்கையும் பாருங்கள். அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பில் தீவிரவாதம் இருப்பதாகக் கூறி 2020 மேயில் கைது செய்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில்தான்.

கொட்டாஞ்சேனைவாசி:
2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களின்போது கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களை நான் அறிவேன். 260க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகும் அரசு முன்கூட்டித் தலையிடக்கூடாது என்றால், அதை அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மருதானை ஆசிரியர்:
தலையிடத்தான் வேண்டும், ஐயா. ஆனால் 2019இல் அரசிடம் தகவலுக்குப் பஞ்சமிருக்கவில்லை. தாக்குதல்களை வழிநடத்திய சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்னரே முறையிட்டிருந்தார்கள்; ஏப்ரல் தொடக்கத்திலேயே வெளிநாட்டு உளவு எச்சரிக்கையும் வந்திருந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்காகவே முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. தாக்குதலுக்குப் பின் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்தவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்களும் அவ்வூர் மக்களே. இத்தனைக்கும் பிறகு, அதே சமூகத்தின் நம்பிக்கையையே நோயாகக் கருதும் ஒழுங்குவிதிகள் வந்தால், அடுத்த முறை சந்தேகம் எழும்போது பள்ளிவாசல் நிர்வாகி பொலிசுக்குப் போகத் தயங்குவார். கொச்சிக்கடைக் குடும்பங்களுக்கும் அது பாதுகாப்பாகாது.

தெமட்டகொடை வாசகி:
சட்டத்தரணி ஐயா, பிரித்தானியாவில் பரிந்துரைக்கப்பட்டவரின் விவரம் பொலிசாரின் பதிவில் தங்கிவிடுகிறதே. அதையும் விருப்பத்துக்குரியது என்று எழுதலாமா?

புதுக்கடைச் சட்டத்தரணி:
எழுதக்கூடாது. உதவியை மறுக்கலாம், பரிந்துரையை மறுக்க வழியில்லை. உங்கள் ஒப்பீட்டை அந்தப் பதிவிலிருந்தே தொடங்குங்கள்.