மழைக்கு முன்னும் பின்னும் உங்கள் பக்கத்தில் என்னென்ன அடையாளங்கள்? (கும்புறுப்பிட்டியிலிருந்து ஒரு கேள்வி)

கிணற்றடி_வீரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலை மாவட்டத்துக் கும்புறுப்பிட்டியில் அம்மாவின் பழைய காணியில் இருக்கிறோம். சண்டைக் காலத்தில் பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவு. திரும்பி வந்தபோது கிணறு தூர்ந்திருந்தது, வேலி இல்லை. ஆனால் யாரும் கைவைக்காததால் கிணற்றடியில் ஒரு பெரிய வீரை மரமும், பின்பக்கம் பாலை மரங்களும், மூலையில் ஒரு விளாத்தியும் வளர்ந்து நின்றன. ஒன்றையும் வெட்ட விடவில்லை.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பருவகாலங்களைப் படமாக வரைந்து வரச் சொன்னார்கள். அவள் எங்கேயோ பார்த்து, செம்மஞ்சள் இலை உதிரும் மரம் ஒன்றும் வெள்ளை மலை ஒன்றும் வரைந்தாள். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறையும் சொல்லிக் கொடுத்தா. அதுவும் எங்கள் வளவோடு ஒட்டவில்லை. ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்பது அந்தக் கணக்கு. இங்கே ஆவணியில் வாளி கிணற்றின் அடியில் போய் முட்டும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசியில் இடியோடு தொடங்கி மார்கழி, தை வரை. சித்திரையில் சில பின்னேரங்களில் இடிமழை வந்து போகும். அதன்பிறகு தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுத்தான். புரட்டாதி வரைக்கும் மண்ணும் முகமும் காயும்.

ஆகவே இந்த மண்ணுக்கென்று ஒரு கணக்கை நாங்களே எழுதலாம் என்று மகளும் நானும் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். அதில் மிகவும் நிறைந்த பகுதி முதல் மழைக்குப் பிந்திய நாட்கள்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மழைக்கு முந்திய புழுக்கத்தில் ஒரு பறவையும் சத்தமில்லை. பின்னேரம் மேற்கே இடி முழங்கும், துளி விழாது. பிறகு ஒருநாள் நல்ல மழை அடிக்கும். அன்றோ மறுநாளோ இரவில் ஈசல் கிளம்பும். வெளி விளக்கை அணைத்துவிட்டால் வீட்டுக்குள் வராது. விடிய எழும்பிப் பார்த்தால் முற்றத்தில் மைனா, செண்பகம், கரிச்சான் எல்லாம் சண்டை பிடிக்காமல் பக்கத்துப் பக்கத்தில் நின்று தின்னும். வருடத்தில் வேறு எந்த நாளிலும் நான் அப்படிக் காண்பதில்லை. அதே காலையில் மணலில் தம்பளப்பூச்சி ஊரும், சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டி எடுத்த பொட்டு மாதிரி. மகள் உள்ளங்கையில் ஏற்றிப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விடுவாள்.

அடுத்தது வீரை. மழை கண்டதும் மரம் முழுக்க இளம் துளிர். கொஞ்ச நாள் கழித்து வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் வரத் தொடங்கும். வருவது என்றால் பத்து இருபது இல்லை. காலை வெயில் ஏறியதிலிருந்து மத்தியானம் வரை, கிணற்றைத் தாண்டி, கூரையைத் தாண்டி, எல்லாம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். இடையிடையே மஞ்சளும் போகும். அந்த நேரம் வேலியில் கார்த்திகைப்பூ பூத்திருக்கும். கிழங்கு நஞ்சு என்று மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்; பூவைப் பார்க்கத் தடையில்லை.

இப்போது கேள்விகள். போன ஐப்பசியில் ஒருநாள் இருட்டுகிற நேரம் ஒரு சின்னப் பறவை விறாந்தைக்குள் வந்து விழுந்தது. முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், வாலுக்குக் கீழே சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் இல்லை என்கிற அளவுக்குக் குட்டை. காயம் எதுவும் தெரியவில்லை, பறக்க மட்டும் பெலன் இல்லை. ஒரு பெட்டியில் வைத்தோம், விடியப் போய்விட்டது. அது என்ன பறவை?

இரண்டாவது, வளவுக் குப்பையைக் கூட்டி எரிப்பதுதான் இங்கே வழக்கம். நான் எரிக்காமல் விட விரும்புகிறேன். பாம்பு வரும் என்று அம்மா பயப்படுகிறா. என்ன செய்யலாம்?

மூன்றாவது எல்லோருக்கும். காலம் மாறுகிறது என்று உங்கள் இடத்தில் எதை வைத்து அறிகிறீர்கள்?


வயற்கரை_தம்பலகாமம் எழுதியது:

தங்கச்சி, நல்ல வேலை செய்கிறீர்கள். எங்கள் வயல் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிறது, ஆகவே எனக்கு மழையை விட வாய்க்கால்தான் முதல் அடையாளம். பெரும்போகத்துக்கு, அதாவது மாரிப் பயிருக்கு, உழவு இயந்திரம் இறங்கினால் பின்னாலேயே கொக்கு வரும், நத்தைகுத்தி நாரை வரும். நத்தைகுத்தி நாரையின் சொண்டு மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், பிள்ளைக்குக் காட்டுங்கள்.

நெல் இலை நீண்டு வரும்போது தூக்கணாங்குருவி வந்து இலையை நாராகக் கிழித்துக்கொண்டு போகும். அதைக் கண்டு நான் வருத்தப்படுவதில்லை, அது எடுப்பது கொஞ்சம். மயில்தான் இப்போது கனக்க. விதைத்த நெல்லையே பொறுக்கித் தின்கிறது.

நான் மிகவும் கவனிப்பது தும்பியை. தை மாதம் விடியப் பனி விழும் நாட்களில் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலத் தத்திப் பூச்சி வருமா என்று பயிரின் அடியை விலக்கிப் பார்ப்பேன். வயலில் தும்பியும் சிலந்தியும் நிறைய இருந்தால் மருந்தடிக்க அவசரப்பட மாட்டேன். மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான், தத்தி திரும்பவும் வரும். பக்கத்து வயல்காரர்களோடு இதைப் பற்றி வருடாவருடம் கதைக்கிறேன். இளம் பெடியன்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

பாம்பு பற்றி ஒன்று. புடையன் அறுவடைக் காலத்தில்தான் எங்களுக்குப் பெரிய பயம். வைக்கோலுக்குள் எலிக்காக வரும். வெறுங்காலோடு வரம்பில் நடக்காதீர்கள், இரவில் ரோச் லைட் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள்.


குச்சவெளி_பாடு எழுதியது:

அக்கா, நாங்கள் உங்களுக்குக் கிட்டத்தான். எனக்கு மரம் செடி அவ்வளவு தெரியாது, கடலைச் சொல்கிறேன்.

பங்குனி பிறந்து கடல் அடங்கினால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள் வந்து கரையில் வாடி, அதாவது மீன்பிடிக் குடிசை, போடுவார்கள். அவர்களுடைய பக்கத்தில் கடல் கொந்தளிக்கப் போகிறது என்று அர்த்தம். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, அதனால் கரையோரம் அலை எழும்பாது, தண்ணீர் தெளிந்து கல் தெரியும். ஆனால் பலத்து அடித்தால் வெளியே போன போட் திரும்பி வரப் படாத பாடு படும். கரையில் நிற்பவர்களுக்குக் கடல் சும்மா கிடப்பதாகத் தெரியும், எங்களுக்கு அப்படி இல்லை.

அந்த மாதங்களில்தான் நீலத்திமிங்கிலம் ஊதுவதைக் காண்போம். திருகோணமலைக்கு நேரே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது, ஆழம் கரைக்குக் கிட்ட வந்துவிடுகிறது. அதனால் அதிர்ஷ்டம் இருந்தால் கோணேசர் மலையில் நின்றே பார்க்கலாம். மகளைச் சித்திரை விடுமுறையில் கூட்டிக்கொண்டு போங்கள். காலை நேரம் நல்லது, காற்று எழும்ப முதல்.

வாடை தொடங்கினால் எங்கள் காலம் முடிந்தது. வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டுவிட்டு வலை பொத்துவோம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி புயல் எங்கள் பக்கத்தால்தான் கரை ஏறியது. அதற்குப் பிறகு கார்த்திகை மாதக் காற்றை ஒருவரும் லேசாக எடுப்பதில்லை.


மூதூர்_ஆசிரியர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சகோதரி சொன்னது ஆறுமணிக்குருவி. விடியலிலும் பொழுது படுகிற நேரத்திலும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இந்தியாவில் இமயமலை அடிவாரத்துக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாதி ஐப்பசியில் இங்கே வந்து சித்திரை மட்டும் நிற்கும். இரவில் பறந்து வரும் பறவை. வந்து சேரும் நாட்களில் களைத்துப் போய் வீடுகளுக்குள்ளும் கிணற்றடியிலும் விழுவது இலங்கை முழுக்க நடக்கிறது. நீங்கள் செய்ததுதான் சரி. காற்றுத் துளையுள்ள மட்டைப் பெட்டி, இருட்டு, அமைதி. பூனை கிட்ட வரக்கூடாது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காயம் இல்லாவிட்டால் விடியற்காலையில் மரநிழலில் திறந்து விட்டால் போதும்.

இனிக் குப்பைக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே விசயம். இந்தக் குருவி நிலத்தில்தான் இரை தேடும். காய்ந்த இலையைச் சொண்டால் புரட்டிப் புழு பூச்சி எடுக்கும். வளவை எல்லோரும் பளிச்சென்று கூட்டி எரித்தால் அது எங்கே போய்த் தின்னும்? அம்மாவின் பயமும் நியாயமானது. மாரியில் எண்ணெய்விரியன் வீட்டுக்குள் வரும், நிலத்தில் படுத்திருப்பவர்களை இரவில் கடிக்கும், கடித்த இடத்தில் பெரிதாக நோவும் இருக்காது. அதனால் வீட்டைச் சுற்றி நன்றாகக் கூட்டி வெட்டையாக வைத்திருங்கள். இலையை எரிக்காமல் தூரத்து வேலியோரம், மரங்களுக்குக் கீழே பரப்பி விடுங்கள். விறகையும் கூரை ஓடுகளையும் சுவரோடு அடுக்க வேண்டாம். கட்டிலில் படுங்கள். முடியாவிட்டால் நுளம்பு வலையைப் பாயின் கீழே சொருகிவிட்டுப் படுங்கள், அது பாம்பையும் தடுக்கும். கடித்தால் வெட்டுவது, கட்டுவது, மந்திரித்துப் பார்வை பார்ப்பது ஒன்றும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

வண்ணத்துப்பூச்சி பற்றி நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளையில் ஒரு வகை வீரையின் இளம் துளிரில் முட்டை இடும். முற்றிய இலையைப் புழு தின்னாது. மழைக்குப் பிறகு காட்டில் உள்ள வீரை எல்லாம் ஒன்றாகத் துளிர்ப்பதால் புழுவும் ஒன்றாகப் பெருகிவிடும். மஞ்சளுக்குச் சரக்கொன்றை இலை. இந்த வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகின்றன என்று எங்கள் உம்மா சொல்லுவா. உங்கள் மகள் மரத்தடியில் நின்று துளிரின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் பச்சைப் புழுக்களைக் காண்பாள், பறக்கிறதை விட அதைப் பார்ப்பது பெரிய சந்தோசம்.

எங்கள் ஊர் அடையாளம் கொட்டியாரக் குடா. மகாவலி பெருகினால் குடாத் தண்ணீர் மண் நிறமாகிவிடும். மேலே எங்கேயோ மலைநாட்டில் பெய்த மழை இங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.


பன்குளம்_பாலையடி எழுதியது:

அக்கா, விளாத்தி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பழம் விழுகிற காலத்தில் தினமும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். யானைக்கு வாசம் தூரத்திலேயே தெரியும், ஓட்டோடு விழுங்கும். வீட்டுக்குள் நெல் மூட்டை வைத்தாலும் வரும், சுவரைத் தள்ளும். எங்கள் வீட்டில் நெல்லைப் படுக்கிற அறையில் வைப்பதை நிறுத்திவிட்டோம். தண்ணீர் வற்றுகிற ஆடி, ஆவணியில் அதிகம் கவனம். அந்த நேரம் மின்னேரியாக் குளத்தில் தண்ணீர் இறங்கிப் புல் முளைப்பதால் நிறைய யானை அங்கே கூடும், மழை தொடங்கிக் குளம் நிரம்பினால் கவுடுல்லைக் குளத்துப் பக்கம் மாறும். போகிற வருகிற வழியில் ஊர்கள் இருக்கின்றன, அதுதான் சிக்கல். யானையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது, பயிரை இழந்தவர்களைக் குற்றம் சொல்லவும் வராது.

பாலைப்பழம் வைகாசிக் கடைசியில் தொடங்கும், ஆடி வரை. எல்லா வருடமும் ஒரே மாதிரிக் காய்க்காது. பிடித்த வருடம் இருவாச்சி, குரங்கு, கிளி எல்லாம் மரத்திலேயே நிற்கும். உங்கள் வளவில் நிற்பதை ஆசையாகச் சாப்பிடலாம், பால் உதட்டில் ஒட்டும் அவ்வளவுதான். காட்டுக்குள் போய்ப் பறிப்பதென்றால் தனியே போகாதீர்கள். கரடி மரத்தில் ஏறி இருந்து தின்னும். சத்தமாகக் கதைத்துக்கொண்டு போனால் அது முன்கூட்டியே விலகும், திடீரென்று முன்னால் போய் நின்றால்தான் ஆபத்து.


கிணற்றடி_வீரை எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஆறுமணிக்குருவி என்று சொன்னதும் மகள் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டாள். அம்மாவுக்கு ஆசிரியர் எழுதியதை வாசித்துக் காட்டினேன், வேலியோரத்து மூலையை விட்டுத்தரச் சம்மதித்துவிட்டா. நுளம்பு வலை சொருகுகிற விசயத்தை அவ இனி ஊர் முழுக்கச் சொல்லுவா.

கொப்பியில் இப்போது ஐந்து பக்கங்கள்: வளவு, வயல், கடல், குடா, காடு. தம்பி, குச்சவெளியில் முதல் வாடிக்குக் கம்பு நடுகிற திகதியை இந்த வருடம் எனக்கு எழுதுவீர்களா? தம்பலகாமத்து அண்ணா, முதல் நத்தைகுத்தி எப்போது வருகிறது என்று நீங்கள் சொன்னால் அதையும் சேர்க்கலாம். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து இன்னும் ஒருவரும் எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் யாராவது ஆற்றங்கரை பற்றிச் சொல்லுங்கள்.