வண்டி சாயாவிட்டால் எடை மாறாதா?

மலைப்பாதை:
"கனமான ஆன்டி ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்து, வண்டி சாய்வதைக் குறைக்கும் முறுக்குக் கம்பி) போட்டதும் என் வண்டி வளைவில் சாய்வதில்லை, ஆகவே எடை வெளிப்பக்கம் போவதும் நின்றுவிட்டது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதை நம்பி யாரேனும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவிடுவார்களோ என்ற கவலையில் எழுதுகிறேன். எடை மாறுவதற்குச் சாய்வு காரணம் அல்ல. ஈர்ப்பு மையம் தரைக்கு மேலே இருக்கிறது, வண்டியை வளைவுக்குள் இழுக்கும் டயரோ தரையில் இருக்கிறது. அந்த உயரந்தான் காரணம். 1000 கிலோ வண்டி, ஈர்ப்பு மையம் 50 செ.மீ. உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 150 செ.மீ., பக்கவாட்டு முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு என்றால், 200 கிலோ வெளிப்பக்கம் போகும். இந்தக் கணக்கில் சாய்வு எங்கே வருகிறது?

பட்டறைக்காரன்:
எழுதியவன் நான்தான்; பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். 22 ஆண்டுகளாக வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறேன். சாயும்போது வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்குகிறது, பார் போட்ட பிறகு அவ்வளவு அமுங்குவதில்லை. எடை வந்திருந்தால் ஸ்பிரிங் அமுங்காமல் இருக்குமா?

மலைப்பாதை:
ஸ்பிரிங் தாங்க வேண்டியதில் ஒரு பகுதியை அந்த பார் முறுக்கிக்கொண்டு தாங்குகிறது. டயரின் மேல் விழும் எடை குறையவில்லை. கோ-கார்ட் என்ற சிறிய பந்தய வண்டியில் ஸ்பிரிங்கே கிடையாது. ஆனாலும் வளைவில் அதன் உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறதே, அதன் மேல் இருந்த எடை எங்கே போயிற்று?

கார்ட் ஓட்டி:
அந்தச் சக்கரம் எழும்புவதற்கு ஸ்டீயரிங் அமைப்பும் காரணம். திருப்பும்போது உட்பக்க முன்சக்கரம் கீழே தள்ளப்படுகிறது. பின்அச்சு ஒரே கம்பி என்பதால் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழலும்; உட்பக்கச் சக்கரம் எழும்பினால்தான் வண்டி எளிதாகத் திரும்பும், அதனால் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள்.

மலைப்பாதை:
அது தொடக்கி வைக்கிறது, எடை மாற்றம் முடித்து வைக்கிறது. என் வாதம் அப்படியே நிற்கிறது.

பட்டறைக்காரன்:
உதாரணமே தவறு என்று அவரே சொல்லிவிட்டார். சரி, 200 கிலோ போகிறது என்றே வைத்துக்கொள்வோம். வெளிப்பக்க டயர் கூடுதலாக அழுந்தி கூடுதலாகப் பிடிக்கும். இதில் நட்டம் என்ன?

மலைப்பாதை:
உதாரணம் தவறு என்று அவர் சொல்லவில்லை. நட்டம் டயரின் ரப்பரில் இருக்கிறது. சுமை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை, அதற்குக் குறைவாகவே கூடும். அதனால் 700 கிலோ தாங்கும் வெளிப்பக்கம் பெறுவதைவிட 300 கிலோவுக்கு இறங்கிய உட்பக்கம் இழப்பதே அதிகம். 500-500 என்று இருந்தபோது கிடைத்த பிடிமானம் மொத்தத்தில் வராது. தாங்கள் முன்பக்கம் மட்டும் பார் போட்டதால் மாறும் எடையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே ஏற்கின்றன. ஈரச் சாலையில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பியும் வண்டியின் மூக்கு வெளியே நழுவும்போது இது புரியும். சென்ற ஆண்டு இங்கே நடந்த டயர் காற்றழுத்த விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் கண்ணால் பார்த்ததை மட்டுமே பிடித்துக்கொண்டீர்கள்.

பட்டறைக்காரன்:
அந்த விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி, அதை இன்றுவரை தாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. என் வண்டியின் மூக்கு ஒருநாளும் நழுவியதில்லை.

கார்ட் ஓட்டி:
காற்றழுத்தத்தை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

மலைப்பாதை:
இழுத்தது அவர். சாயாத வண்டியிலும் எடை மாறும் என்று அவர் எழுதும்வரை நான் விடப்போவதில்லை.

பட்டறைக்காரன்:
ஸ்பிரிங் அமுங்கவில்லை. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.