செங்குத்தான ஆல்ப்ஸ் இறக்கம்: 160 மி.மீ. டிராவல் போதுமா, 170 வேண்டுமா?

சரிவுக்காரன் (கேள்வி):

வணக்கம். இப்போது ஓட்டுவது முன்னால் 140, பின்னால் 130 மி.மீ. டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்) உள்ள டிரெயில் பைக், அதாவது மலைப்பாதை சைக்கிள். ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கின் சாய்வு) 66.5 டிகிரி, இரண்டு பிஸ்டன் பிரேக், இரண்டு பக்கமும் 180 மி.மீ. ரோட்டர் (பிரேக் வட்டு), 29 இஞ்ச் சக்கரம். சாதாரணக் காட்டுப் பாதையில் ஒரு குறையும் இல்லை. ஆல்ப்ஸில் ஒரே மூச்சில் 1,000 மீட்டர் இறங்கும்போதுதான் தொல்லை. பாதி வழியில் பிரேக் கைவிடுகிறது. கல் படிகளில் ஃபோர்க் அமுங்கி, முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடுவோமோ என்று இருக்கிறது. பின்னால் சாய்ந்தால் டயர் கால்சட்டையில் உரசுகிறது.

உயரம் 176 செ.மீ., உடை, பையோடு 80 கிலோ. பாதி நாள் லிஃப்ட், மீதி நாள் 800 முதல் 1,000 மீட்டர் வரை மிதித்தே ஏறுவேன். கையில் இருக்கும் தேர்வு இரண்டு:

அ) முன் 160, பின் 150 டிராவல், ஹெட் ஆங்கிள் 64.5, இரண்டு சக்கரமும் 29, 14.8 கிலோ
ஆ) 170/165, ஹெட் ஆங்கிள் 63.5, முன் 29, பின் 27.5, 16.3 கிலோ

எதை எடுக்கலாம்?

நீலரோட்டர்:

பைக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். பிரேக் கைவிடும்போது லீவர் எப்படி இருக்கிறது? கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லையா, அல்லது கொழகொழவென்று ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறதா? இரண்டும் வேறு வேறு கோளாறு.

சரிவுக்காரன்:

முன் லீவர் கெட்டிதான், பிடிப்பு மட்டும் இல்லை, கீச்சென்று கத்தும். பின் லீவர் பார் வரை வந்துவிடும். பத்து நிமிடம் நிறுத்தினால் பாதி சரியாகிறது.

நீலரோட்டர்:

அப்படியானால் கோளாறு முன்னால் பேடில் (ரோட்டரைப் பிடிக்கும் உராய்வுக் கட்டை), பின்னால் பிரேக் எண்ணெயில்.

முன் பேடைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி போல் மினுங்கினால் மேற்பரப்பு வெந்து மெருகேறிவிட்டது. ரெசின் (பிசின்) பேடில் இது சீக்கிரம் வரும். மேலோட்டம்தான் என்றால் 120 நம்பர் உப்புத்தாளைச் சமதளத்தில் வைத்து மெல்லத் தேய்க்கலாம். எண்ணெய் ஊறியிருந்தால் தூக்கிப் போடுங்கள், சுட்டெடுத்தெல்லாம் மீட்க வேண்டாம். அடுத்து சின்டர்டு மெட்டல் (உலோகத் தூளை அழுத்திச் சுட்ட) பேடு போடுங்கள். அதற்கு முன் ரோட்டரில் ரெசின் பேடுக்கு மட்டும் என்று பொறித்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் ரோட்டரையும் மாற்ற வேண்டும்.

பின்னால் லீவர் பார் வரை வருவது எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாவதாலோ, காற்று உள்ளே இருப்பதாலோ. டாட் எண்ணெய் (ஒருவகை பிரேக் எண்ணெய்) ஈரத்தை உறிஞ்சும், பழையதாக ஆகக் கொதிநிலை இறங்கிவிடும். டாட் 5.1 புதிதாக இருக்கும்போது 260 டிகிரி வரை தாங்கும், நீர் ஏறியபின் கணக்கு 180 டிகிரிதான். முழு எண்ணெயையும் மாற்றி பிளீட் செய்யுங்கள் (உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுங்கள்). மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுவிடும், மாற்றி ஊற்றினாலும் அதே கதி.

ஒரு கணக்கு: நீங்களும் பைக்கும் சேர்ந்து 96 கிலோ, இறக்கம் 1,000 மீட்டர். வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 940 கிலோஜூல். 20 நிமிடத்தில் இறங்கினால் சராசரி 785 வாட். காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்றுவிடும், மற்றதெல்லாம் இரண்டு ரோட்டர் தலையில். 180 மி.மீ. ரோட்டரை விடாமல் உரசிக்கொண்டே வந்தால் ஆறுவதற்கு நேரம் ஏது? எந்த பைக் எடுத்தாலும் நான்கு பிஸ்டன் காலிப்பர் (பேடை அழுத்தும் பகுதி), ரோட்டர் முன்னால் 220 அல்லது 203, பின்னால் 200 அல்லது 203. முடிந்தால் 2 மி.மீ. தடிமன். நேர்ப்பகுதியில் அழுத்தமாகப் பிடித்து, அடுத்த பகுதியில் முழுக்க விடுங்கள். நீளமாக லேசாகத் தேய்ப்பதுதான் பேடை எரிக்கிறது.

தடம்விலகி:

பிரேக் கதை சரி. கவிழ்கிற பயத்துக்குக் காரணம் டிராவல் குறைவு என்று நினைக்க வேண்டாம். 66.5 டிகிரியில் முன் சக்கரம் உங்களுக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. சரிவு 30 டிகிரி ஆனதும் உடல் எடை முன்னால் போகிறது, ஃபோர்க் அமுங்குகிறது, அமுங்கியதும் ஹெட் ஆங்கிள் இன்னும் செங்குத்தாகிறது. ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிடும். 63.5 டிகிரி இந்தச் சங்கிலியை ஆரம்பத்திலேயே தளர்த்துகிறது. டிராவலில் வரும் 10, 15 மி.மீ. வித்தியாசத்தை விட இந்த ஒரு டிகிரிதான் கையில் தெரியும்.

டயர் உரசலுக்கும் பதில் ஆ-விலேயே இருக்கிறது. பின்னால் 27.5 போட்டால் டயரின் மேல்விளிம்பு சுமார் 35 மி.மீ. கீழே போகும். 176 செ.மீ. உயரத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வாங்கும்போது ரீச் (மிதி அச்சிலிருந்து ஹேண்டில்பார்ப் பக்கம் ஃபிரேமின் நீளம்) 455 முதல் 475 மி.மீ. வரை பாருங்கள், அதோடு ஸ்டாக்கையும் (அதே இடத்தின் உயரம்) பாருங்கள். 630-க்குக் கீழே என்றால் 35 அல்லது 40 மி.மீ. ரைஸ் (உயர்வு) உள்ள பார் போட வேண்டிவரும். செங்குத்தில் கை உயரம் கிடைத்தால் நெஞ்சை முன்னால் வைத்தே ஓட்டலாம், பின்னால் தொங்கத் தேவையில்லை. தொங்கினால் முன் டயரில் எடை போய்விடும், திருப்பத்தில் அது வழுக்கும். டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே இருக்கையை இறக்கும் தண்டு) 180 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சீட் டியூபுக்குள் அவ்வளவு ஆழம் இறங்குமா என்று கடையிலேயே இறக்கிப் பார்த்துவிடுங்கள், சில ஃபிரேமில் பின் ஷாக்கின் பிவட் (சுழல் இணைப்பு) தடுக்கும்.

சங்கிலிக்கண்ணி:

ஆ-வுக்கு ஓட்டுப் போடுவது சரியா? அவர் பாதி நாள் மிதித்து ஏறுகிறார். அ-வை வாங்கி, ஃபோர்க்கில் 10 மி.மீ. நீளமான ஏர் ஷாஃப்ட் (டிராவலை நிர்ணயிக்கும் உள் தண்டு) மாற்றினால் ஹெட் ஆங்கிள் சுமார் அரை டிகிரி சாயும். ஆனால் ஃபோர்க் கம்பெனியும் ஃபிரேம் கம்பெனியும் அந்த நீளத்தை அனுமதிக்க வேண்டும். சீட் ஆங்கிளும் அரை டிகிரி பின்னால் போகும், பாட்டம் பிராக்கெட்டும் (மிதி அச்சு) கொஞ்சம் உயரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தடம்விலகி:

எடை பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.5 கிலோ என்பது 96 கிலோவில் 1.6 சதவீதம். ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் ஒன்றரை நிமிடம். ஏற்றத்தில் நிஜமாகவே உயிரை வாங்குவது மெதுமெதுப்பான ரப்பர் உள்ள டயர், அதை இரண்டு பைக்கிலும்தான் போடப் போகிறார். ஆ-வின் சீட் டியூப் ஆங்கிள் 77-க்கு மேல், முன்பல் சக்கரம் 30 பல், பின்னால் பெரிய பல் 51 அல்லது 52 என்றால் ஏறிவிடலாம். பிரான்ஸ் ஆல்ப்ஸில் நடக்கும் மெகாவலாஞ்ச் இறக்கப் பந்தயம் 3,300 மீட்டர் உயரப் பனியில் தொடங்கி 700 சொச்சம் மீட்டரில் அல்மோங் கிராமத்தில் முடிகிறது. அங்கே எண்டூரோ பைக்குகள் (மிதித்தும் ஏறக்கூடிய இறக்க பைக்) பெருவாரியாக இருப்பதற்குக் காரணம், நடுவில் மிதிக்க வேண்டிய இடமும் இருப்பதுதான். 200 மி.மீ. டவுன்ஹில் பைக் அங்கே மூச்சு வாங்கும்.

என் ஓட்டு ஆ. ஒரு நிபந்தனை: அதன் ஃபோர்க் 38 மி.மீ. ஸ்டான்ஷன் (ஃபோர்க்கின் உள்குழாய்) வகையாக இருக்கட்டும், ஃபாக்ஸ் 38, ராக்‌ஷாக்ஸ் செப் போல. கடும் பிரேக்கில் மெல்லிய ஃபோர்க் வளைந்தால் உள்குழாய் நழுவும் புஷ் இறுகி, சஸ்பென்ஷன் வேலை செய்வதையே நிறுத்திவிடும்.

நீலரோட்டர்:

டயரை விட்டுவிட்டோம். பைக்கோடு வரும் மெல்லிய கேசிங்கை (டயரின் உறை) நம்ப வேண்டாம். மாக்ஸிஸ் என்றால் முன்னால் அசெகாய் மாடல், மாக்ஸ்கிரிப் (மெதுமெதுப்பான ரப்பர்), டபுள் டவுன் (இரட்டை அடுக்கு உறை). பின்னால் டபுள் டவுன் அல்லது டிஹெச் (டவுன்ஹில் உறை). டயருக்கு 200 முதல் 300 கிராம் கூடும், வேறு வழியில்லை. 80 கிலோவுக்கு முன்னால் 1.6 பார், பின்னால் 1.8 பாரில் தொடங்குங்கள். ரிம் கல்லில் தட்டினால் பின்னால் 0.1 ஏற்றுங்கள்.

செட்டப்: ஷாக் ஸ்ட்ரோக் (பின் ஷாக் அமுங்கும் நீளம்) 65 மி.மீ. என்றால் பெடலில் நின்றபடி 19 மி.மீ. சேக் (உங்கள் எடையில் அமுங்கும் அளவு). 170 ஃபோர்க்கில் 27 முதல் 29 மி.மீ. போதும், செங்குத்துக்கு 20 சதவீதமெல்லாம் அதிகம். அப்படியும் மூழ்கினால் காற்றை ஏற்றாமல் முதலில் லோ ஸ்பீட் கம்ப்ரெஷனை (மெதுவான அமுங்கலுக்கான தடை) இரண்டு கிளிக் கூட்டுங்கள். தொடர்படிகளில் போகப்போகத் தாழ்ந்துகொண்டே போனால் ரீபவுண்ட் (அமுங்கியபின் மீளும் வேகம்) மிக மெதுவாக இருக்கிறது, ஒரு கிளிக் வேகப்படுத்துங்கள்.

சரிவுக்காரன்:

ஆ தான் எடுக்கிறேன். 200 மி.மீ. ரோட்டருக்கான அடாப்டரோடு (காலிப்பரைத் தாங்கும் இணைப்பு) வருகிறது, என்னிடம் 203 ரோட்டர் ஒன்று புதிதாக இருக்கிறது. நேராக மாட்டலாமா?

சங்கிலிக்கண்ணி:

நேராக மாட்டினால் ரோட்டரின் விளிம்பு காலிப்பர் உடலில் உரசலாம். ஆரத்தில் 1.5 மி.மீ. இடிக்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் 1.5 மி.மீ. வாஷர் ஒன்று காலிப்பருக்கும் அடாப்டருக்கும் நடுவே வையுங்கள், போல்ட் நீளம் போதுமா பாருங்கள், ஒரு சென்டிமீட்டராவது மரைக்குள் இறங்க வேண்டும். ஃபோர்க்கில் 203 வரை அனுமதி உண்டா என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். மாட்டியதும் சமதளத்தில் நடுத்தர வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டாமல், நடைவேகம் வரை 20 தடவை அழுத்திப் பிடித்து விடுங்கள். முன் ஒன்று முடித்தபின் பின் ஒன்று, இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம்.