வகுப்பில் பாட்டுப் போட்டால் ஐக்யூ ஏறுமாம்!

கணக்கு வாத்தியார்: இங்கே வீட்டுப்பாடம் பற்றிய இணைய உரையாடல் இழையில் ராகமாலிகா மேடம் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறார்: "பிள்ளைகள் கணக்குப் போடும்போது பின்னணியில் மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசையை ஓடவிடுவேன். ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவு, 8 புள்ளி ஏறும் என்று 1993-லேயே நிரூபித்துவிட்டார்கள்." அதற்கு ஆஹா ஓஹோ வேறு! யாராவது அந்த ஆய்வை எடுத்துப் பார்த்தீர்களா? நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரே ஒரு பக்கம்தான். 36 கல்லூரி மாணவர்கள். இரண்டு பியானோவுக்காக மொசார்ட் எழுதிய சொனாட்டா என்கிற ஓர் இசைக்கோவையைப் பத்து நிமிடம் கேட்கவைத்தார்கள். நிறுத்தினார்கள். அப்புறம்தான் கேள்வித்தாள். இசை வந்தது தேர்வுக்கு முன்னால். கூடவே அல்ல, முன்னால்.

ராகமாலிகா: வந்துவிட்டாரய்யா! நான் எங்கே எழுதினாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுகிறீர்கள் சார். முன்னால் கேட்டால் என்ன, கூடவே கேட்டால் என்ன? புள்ளி ஏறியதா இல்லையா?

கணக்கு வாத்தியார்: சாப்பாட்டுக்கு முன் போடச் சொன்ன மாத்திரையைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவீர்களா? ஏறியதும் எதில்? காகிதத்தை மடித்து வெட்டிப் பிரித்தால் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் பார்க்கிற மாதிரிக் கேள்விகளில். அந்த ஏற்றமும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காலி. உங்கள் வகுப்பு எத்தனை நிமிடம் மேடம்?

பின்பெஞ்சு: நான் பாட்டுக் கேட்டுக்கொண்டேதான் படித்தேன். பாஸாகிவிட்டேன். முடிந்தது கதை.

கணக்கு வாத்தியார்: தம்பி, கேட்காமல் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வரிசையாக எண்களை நினைவில் வைக்கச் சொன்னால், பிடித்த பாட்டு ஓடினாலும் பிடிக்காத பாட்டு ஓடினாலும் அமைதியில் செய்வதைவிடத் தடுமாறுகிறார்கள். 2011-ல் வந்த ஆய்வு. பாட்டில் வார்த்தையும் இருந்தால் இன்னும் மோசம்.

பின்பெஞ்சு: மொசார்ட்டில் ஏது சார் வார்த்தை?

கணக்கு வாத்தியார்: அவர் எழுதிய ஆபரா என்கிற பாட்டு நாடகமெல்லாம் ஊமைப்படமா? விஷயத்தை மாற்றாதீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். முன்னாலா, கூடவேவா?

சாக்பீஸ்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சின்னப் பிள்ளைகளுக்கு எடுக்கிறேன். ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ஒரு சின்ன மெட்டுப் போடுவேன். மெட்டு முடிவதற்குள் நோட்டு பைக்குள் போயிருக்கும், பென்சில் டப்பா மூடியிருக்கும். தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை. ஆனால் எழுதும்போது போட்டால் பென்சிலால் தாளம்தான் போடுகிறார்கள். ஒருத்தன் ஹரித்தல் கணக்குக்கு நடுவில் பாட்டு வரியையே எழுதிவைத்திருந்தான். நீங்கள் இரண்டு பேரும் எந்த மாதிரிப் போடுவதைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்?

ராகமாலிகா: பார்த்தீர்களா, சாக்பீஸ் மேடமும் போடுகிறார்!

கணக்கு வாத்தியார்: பார்த்தீர்களா, எழுதும்போது போடக் கூடாது என்று அவரே சொல்கிறார்!

சாக்பீஸ்: நான் இரண்டையுமே சொல்லவில்லை.

பின்பெஞ்சு: ஹரித்தலா, வகுத்தலா? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் வேறு.

சாக்பீஸ்: கைப்பேசி செய்த கோளாறு தம்பி. இதற்கு மட்டும் கண் நன்றாகத் தெரிகிறது.

ராகமாலிகா: 1998-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில ஆளுநரே பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டுக் கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். அவரென்ன முட்டாளா? நீங்கள் மட்டும்தான் அறிவாளியா?

கணக்கு வாத்தியார்: கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையைத் தொட்டில் குழந்தைக்குக் கொண்டுபோனவரைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். சபாஷ்! 1999-ல் அதே நேச்சரில், பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த ஏற்றம் ஒன்றுமே இல்லாத அளவுதான் என்று வந்தது. 2001-ல் இன்னொரு குழு, இசை உற்சாகமூட்டுவதால்தான் கொஞ்ச நேரம் மூளை சுறுசுறுப்பாகிறது, மொசார்ட்டுக்கென்று தனி மகிமை கிடையாது என்று காட்டியது. அதிலும் எப்போது கேட்டார்கள்? முன்னால்!

ராகமாலிகா: உற்சாகம் வருகிறதல்லவா? அதைத்தானே நானும் சொன்னேன்.

கணக்கு வாத்தியார்: இல்லை. 8 புள்ளி என்றீர்கள். மேலே அப்படியே இருக்கிறது, அழித்துவிடாதீர்கள். போன தடவை கையெழுத்து இழையில் அழித்தது எனக்கு மறக்கவில்லை.

ராகமாலிகா: அதை அழித்தது இழைகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர். காரணம், அதில் நீங்கள் எழுதிய பதில்.

பின்பெஞ்சு: ஹாஹா, இது நன்றாகப் போகிறது.

சாக்பீஸ்: ஒரு விஷயத்தை யாருமே பேசவில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை காதில் கருவி மாட்டிக்கொண்டு வருகிறாள். கருவி என் குரலைப் பெரிதாக்கும்போது ஸ்பீக்கர் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். வகுப்பில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது. உங்கள் மொசார்ட் அதற்குள் அடங்குமா?

பின்பெஞ்சு: அப்படிப் பார்த்தால் மின்விசிறியையும்தான் நிறுத்த வேண்டும்.

சாக்பீஸ்: கடகடவென்று ஓடினால் ஆமாம், சரிசெய்யத்தான் வேண்டும். இதில் என்ன கிண்டல்?

ராகமாலிகா: நான் மெதுவாகத்தான் வைக்கிறேன். பக்கத்து வகுப்பிலிருந்து ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

கணக்கு வாத்தியார்: பக்கத்து வகுப்பில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். மெதுவாகவோ சத்தமாகவோ, கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. முன்னாலா, கூடவேவா?

ராகமாலிகா: நாளைக்கும் போடுவேன் சார். கூடவே!