இழை: ஹாட்ரானாக்கமா, கூடுகையா, சிவணலா?

உதகை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை இங்குள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். கிரேப்ஸ்-3 கருவிகளைப் பார்த்த சூட்டோடு, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் நடக்கும் துகள் மோதல்களைப் பற்றி ஒரு சுவரொட்டி போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கணும். ஒரு சொல்லில் முட்டி நிற்கிறோம். புரோட்டான் போன்றவை குவார்க் என்ற அடிப்படைத் துகள்களால் ஆனவை. மோதலில் பிறக்கும் சார்ம் (charm) வகைக் குவார்க் தனியாக வெளியே வராது. ஓர் எதிர்க்குவார்க்கோடு சேர்ந்தால் டி மேசான். வேறு இரண்டு குவார்க்குகளோடு சேர்ந்தால் லாம்டா-சி போன்ற பேரியான். இப்படிக் குவார்க்குகள் சேர்ந்த துகளாக, அதாவது ஹாட்ரானாக, ஆவதைத் தமிழில் எப்படி எழுதுவது?

கோத்தகிரி:
கூடுகை, டீச்சர். மைசூர்ச் சாலை, கேரளச் சாலை, உதகைச் சாலை எல்லாம் வந்து சேரும் ஊர் நமக்குக் கூடலூர். புழக்கத்தில் உள்ள வேர். யாரும் அகராதி தேட வேண்டாம்.

கூடலூர்:
ஊர்ப்பெயரைச் சாட்சிக்கு இழுத்தால் மதுரையும் வரும் ஐயா, நான்மாடக்கூடல் என்று. அது போகட்டும். ஊடலும் கூடலும் குறளில் படித்த வயசுப் பிள்ளைகள். கூடுகை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு இயற்பியல் நடத்துவது சிரமம்.

குன்னூர்:
செயலுக்கு முன்னால் பொருளுக்குப் பெயர் வையுங்கள். ஹாட்ரான் என்ற சொல்லை 1962-இல் உருவாக்கியவர் சோவியத் இயற்பியலாளர் லெவ் ஒகுன். கிரேக்கத்தில் ‘ஹாட்ரோஸ்’ என்றால் பருத்தது. நம்மிடம் ‘பரு’ இருக்கும்போது கடன் எதற்கு? பருந்துகள். நிகழ்வு பருந்துகளாக்கம்.

கோத்தகிரி:
அக்கா, அதைச் சுவரில் பார்ப்பவர் பறவையைத்தான் தேடுவார். பருப்பொருள் போலப் பருத்துகள் என்றாவது வலி மிகட்டும்.

குன்னூர்:
கருந்துகள், பெருந்துகள் என்று மெலி மிகும்போது இதற்கு மட்டும் ஏன் வலி? பண்புப்பெயர்ப் புணர்ச்சியை ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

வெலிங்டன்:
புணர்ச்சி இருக்கட்டும், பொருளே இடிக்கிறது அக்கா. சார்ம் குவார்க் ஹாட்ரான் அல்ல, ஆனாலும் புரோட்டானைவிட நிறை கூடியது, துகள் நிறையின் அலகில் 1.27 ஜிஇவி, புரோட்டானுக்கு 0.94தான். மெலிந்தது என்று பெயர் வாங்கிய, எலெக்ட்ரான் இனத்து லெப்டான்களில் டௌ, புரோட்டானைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பருமனை நம்பிப் பெயர் வைத்தால் பாடம் தடுமாறும்.

கூடுகையிலும் எனக்குத் தயக்கம். சார்ம் ஹாட்ரான் ஆவதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். குவார்க்குகள் விலக விலக நடுவிலுள்ள புலத்தில் ஆற்றல் ஏறும். ஓர் அளவுக்கு மேல் அந்த ஆற்றலே புதிய குவார்க், எதிர்க்குவார்க் இணையாகிவிடும்; சார்ம் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். இது துண்டாதல். அல்லது, ஏற்கெனவே பக்கத்தில் வரும் குவார்க்குகளோடு சேரலாம். இது திரளல். எலெக்ட்ரான், பாசிட்ரான் மோதல்களில் அளந்த விகிதமே எங்கும் பொருந்தும் என்று வெகுகாலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செர்னின் மோதல் கருவியான எல்எச்சியின் ஆலிஸ் ஆய்வுக் குழு புரோட்டான்களை மோதவிட்டுப் பார்த்தபோது, சார்ம் குவார்க்குகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு பேரியான்களாகப் போகின்றன. அந்தப் பழைய கணக்கைப் போல் சுமார் நான்கு மடங்கு! ஏன் என்பதில்தான் இப்போது வழக்கு நடக்கிறது. நாம் வைக்கும் சொல் அதற்குள் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இருப்பவைதான் கூடும், இங்கே துணையே அந்த நொடியில் பிறக்கலாம்.

அரவேணு:
தம்பி கேட்கும் நடுநிலைச் சொல் தொல்காப்பிய எழுத்ததிகாரத்திலேயே கிடக்கிறது. சிவணுதல் என்றால் பொருந்திச் சேர்தல். ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்.’ ககர மெய் தனியே இயங்காது, அகரம் வந்து சேர்ந்தால்தான் வாயில் வரும். குவார்க்கும் அப்படித்தானே? அந்த அகரம் முன்பே அருகில் நின்றதா, தேவைக்குப் பிறந்ததா என்று நூற்பா சொல்லவில்லை. ஆகவே சிவணல். சார்ம் சிவணல், சிவணிய ஹாட்ரான், சிவணா நிலை என்று வினைவடிவங்களும் தடையில்லாமல் கிடைக்கும்.

கூடலூர்:
நூற்பா பொருத்தம் அருமை, ஐயா. ஆனால் சிவண் என்ற வேர் எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? அச்சகத்தில் எழுத்துப்பிழை என்று நினைத்துச் சிவன் ஆக்கிவிடுவார்கள். தேர்வில் விடை திருத்துபவருக்கும் விளங்க வேண்டும்.

அரவேணு:
விளங்காத சொல்லை விளக்கத்தானே வகுப்பறை? ஹாட்ரான் மட்டும் பிறந்தபோதே விளங்கியதா?

உதகை ஆசிரியை:
எல்லாருக்கும் நன்றி. நேரம் நெருங்கிவிட்டது. இங்கும் பிள்ளைகளிடமும் பெரும்பான்மை ‘ஹாட்ரானாக்கம்’ பக்கம், அதையே போடுகிறேன். ‘ஆக்கம்’ எந்த வழியில் ஆனது என்று சொல்லாததால் வெலிங்டன் தம்பியின் தயக்கத்துக்கும் இடமில்லை. துண்டாதல், திரளல் இரண்டும் படத்தில் அடுத்தடுத்து வருகின்றன. மின்னேற்றம் இல்லாத டி மேசானான டி-சுழியின் ஆயுள் ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பகுத்த ஒரு பங்கில் பாதிகூட இல்லை என்பதை ஒரு பையன் கீழே தனிக் கட்டமாக வரைந்திருக்கிறான்.

அரவேணு:
சுவரொட்டிக்குச் சரி அம்மா. கலைச்சொல் பட்டியலில் சிவணல் என் முன்மொழிவாக இருக்கட்டும். கிரேக்க அடியில் தமிழ் ஆக்கத்தை ஒட்டுவதற்கு நான் இசையவில்லை. சார்மையும் அப்படியே விட்டுவிட்டீர்கள். செய்யுளியலில் எட்டு வனப்பு இருக்க, வனப்புக் குவார்க் என்றால் என்ன குறை? தனி இழையில் எழுதுகிறேன்.