டேட்டா போனால் 96 வீட்டுக்கும் தகவல் சொல்வது எப்படி?

சங்கச் செயலாளர்:
பள்ளிக்கரணையில் அபார்ட்மெண்ட். இரண்டு பிளாக், ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) + 6 மாடி, மாடிக்கு 8 வீடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போய், பிறகு டேட்டா போய், கடைசியில் இன்டர்காமும் ஓய்ந்தது. கையில் இருப்பது ஒரே வாட்ஸ்அப் குரூப்தான். டேட்டா இருந்தவரை அதிலும் வதந்திக்கு நடுவே சங்கத்தின் அறிவிப்பைத் தேட வேண்டியிருந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் என்னென்ன செய்து வைக்கலாம்? செலவு குறைவாக இருந்தால் நல்லது.

குடியிருப்புப் பராமரிப்பு:
முதலில் செலவில்லாத வேலை. பேச ஒரு குரூப், அறிவிப்புக்குத் தனியாக இன்னொன்று. இரண்டாவதில் அட்மின் மட்டுமே எழுதும்படி செட்டிங்கை மாற்றுங்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் வரிசை எண், நேரம், அடுத்த தகவல் எப்போது என்ற மூன்றும் கட்டாயம்: "எண் 4. மாலை 6.30. ஸ்டில்ட்டில் அரை அடி தண்ணீர். பி பிளாக் லிஃப்ட் நிறுத்தப்பட்டது. அடுத்த தகவல் 8 மணிக்கு." புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 8 மணிக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மௌனத்தில்தான் வதந்தி கிளம்புகிறது.

அடுத்து, மாடிக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு மாற்று ஆள். உங்களுக்கு 12 + 12 பேர். டேட்டா செத்தாலும் சிக்னல் ஒரு கோடு இருந்தால் எஸ்எம்எஸ் போக வாய்ப்பு உண்டு. நீங்கள் 12 பேருக்கு அனுப்புங்கள், அவர்கள் தங்கள் 8 வீட்டுக்குச் சொல்லட்டும். 96 பேருக்கும் ஒரே போனிலிருந்து அனுப்பப் பார்க்காதீர்கள். பல பிளான்களில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ்தான், இரண்டாவது அறிவிப்பிலேயே தீர்ந்துவிடும். சங்கத்தின் பெயரில் மொத்த எஸ்எம்எஸ் வேண்டுமென்றால் டிஎல்டி பதிவு (மொத்த எஸ்எம்எஸ் அனுப்புவோர் செய்ய வேண்டிய பதிவு), அனுப்புநர் பெயர், டெம்ப்ளேட் ஒப்புதல் எல்லாம் தேவை. மழை தொடங்கிய பிறகு அது நடக்காது.

பொறுப்பாளரும் மாற்று ஆளும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருப்பது முக்கியம். எல்லா டவரும் ஒரே நேரத்தில் விழுவதில்லை.

லோ வோல்டேஜ் டெக்னீஷியன்:
இன்டர்காம் ஓய்ந்தது பேட்டரியால் இருக்கலாம். ஈபிஏபிஎக்ஸ் பெட்டிக்கு (இன்டர்காம் அழைப்புகளை இணைக்கும் கருவி) பின்னால் பெரும்பாலும் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். மூன்று நான்கு வருடம் ஆனால் மீட்டரில் வோல்டேஜ் சரியாகக் காட்டும், லோடு கொடுத்ததும் படுத்துவிடும். மெயினை அணைத்துவிட்டு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். அதுதான் உண்மையான சோதனை. பெட்டியும் வயர் பிரியும் டேக் பிளாக்கும் செக்யூரிட்டி ரூமிலோ ஸ்டில்ட்டிலோ இருந்தால் முதல் மாடிக்கு ஏற்றுங்கள். டேக் பிளாக் நனைந்தால் புது பேட்டரி போட்டும் பயனில்லை.

சங்கச் செயலாளர்:
நன்றி சார். செக்யூரிட்டிக்கும் கமிட்டிக்கும் ஆன்லைனில் வாக்கி டாக்கி நாலு வாங்கலாமா?

லோ வோல்டேஜ் டெக்னீஷியன்:
வாங்கலாம், ஆனால் பார்த்து. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குறைந்த சக்தி செட்தான் சரி. இ.டி.ஏ சான்று (வயர்லெஸ் கருவிக்கான அரசு ஒப்புதல்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். 5 வாட், பல கிலோமீட்டர் என்று விற்பவை வேறு அலைவரிசையில் ஓடும், அதற்கு லைசென்ஸ் வேண்டும். குறைந்த சக்தி செட் கான்கிரீட்டுக்குள் திணறும். கேட்டிலிருந்து மொட்டைமாடிக்கு எட்டவில்லை என்றால் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஒருவர் நின்று கடத்த வேண்டும். யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். உலர் பேட்டரி போடும் மாடல் நல்லது, கரண்ட் இல்லாமல் சார்ஜ் ஏற்ற வழி தேட வேண்டாம்.

குடியிருப்புப் பராமரிப்பு:
எல்லாமே செத்தால் காகிதமும் குரலும்தான். மாடிக்கு ஒரு லேமினேட் தாள்: வீட்டு எண், குடும்பத் தலைவர் போன், வெளியூர் உறவினர் போன். ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர், டயாலிசிஸ், நடக்க முடியாதவர் போன்ற விவரம் இதில் வேண்டாம். அது ஒட்டிய கவரில் பொறுப்பாளரிடமும் உங்களிடமும் மட்டும் இருக்கட்டும். மழைக்கு முன் அந்த வீடுகளில் ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள். கான்சென்ட்ரேட்டர் கரண்டில் ஓடுவது. ஜெனரேட்டரை நிறுத்தும் முடிவை முதலில் அறிய வேண்டியது அந்த வீடுதான், மாற்று சிலிண்டரும் அங்கே தயாராக இருக்க வேண்டும். பிளாக்குக்கு ஒரு கை மெகாஃபோன், உள்ளே இருக்கும் பேட்டரி போக ஒரு செட் உபரி. அறிவிப்பைப் படிக்கட்டில் நின்று ஒவ்வொரு தளத்திலும் இரண்டு முறை படியுங்கள், கீழே நின்று கத்தினால் ஆறாம் மாடிக்குப் போகாது.

தாளின் அடியில்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, மாநகராட்சி 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) 94987 94987. மீட்டர் ரூமை நோக்கித் தண்ணீர் ஏறினால் மின்னகத்துக்கு அழைத்து சப்ளையை நிறுத்தச் சொல்வது யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். ஈரத்தில் யாரும் ஃபியூஸைத் தொடக் கூடாது.

சங்கச் செயலாளர்:
லிஃப்டை எப்போது நிறுத்துவது?

லோ வோல்டேஜ் டெக்னீஷியன்:
தண்ணீர் பிட்டுக்குள் (லிஃப்டுக்கு அடியில் உள்ள குழி) இறங்கும் முன்பே. உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, லிஃப்ட் பெட்டியை மேல் மாடிக்கு ஏற்றி அங்கேயே அணைத்துவிடுங்கள். அணைத்த நேரத்தை அறிவிப்பில் போடுங்கள்.